ஆனியில் பூட்டிய பள்ளிக்கூடம்

எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி மந்தம் என்று இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா எழுதிவிட்டுப் போனார். அந்த வார்த்தையை நேராகப் போடவில்லை. மாணவிகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வருகிறார்கள், ஆனாலும் கணக்கில் தேர்ச்சி போதாது, ஆறாம் வகுப்பு திறப்பதற்கு இப்போது முகாந்திரம் இல்லை என்று நல்ல இங்கிலீஷில் எழுதியிருந்தார். சுற்றி வளைத்துச் சொன்னால் மட்டும் அர்த்தம் மாறிவிடுமா? எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

இது இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்தி. உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆற்றுப் பக்கமாக நடந்தால் எங்கள் ஊர். அங்கே ஜில்லா போர்டு நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் உதவி ஆசிரியை. இரண்டு அறை, ஓட்டுக்கூரை, வாசலில் ஒரு புங்கமரம். எனக்கு மேலே தலைமையாசிரியை ஒருவர். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்த என்னை, ஊர் வாய்க்குப் பயப்படாமல் என் அப்பா மதுரைக்கு அனுப்பி டிரெயினிங் படிக்க வைத்தார். படித்துவிட்டுச் சொந்தப் பள்ளத்தாக்குக்கே வேலைக்கு வந்தவள் நான். கொஞ்சம் திமிர் இருக்கத்தான் செய்யும்.

பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. பையன்கள் அதற்கு மேல் உத்தமபாளையம் நடந்து போய்ப் படித்தார்கள். பெண்பிள்ளையை அந்த ரோட்டில் யார் தனியே அனுப்புவார்கள்? ஐந்து முடிந்ததும் சிலேட்டைக் கூரை இறவாணத்தில் செருகிவிட்டுக் களையெடுக்கப் போவாள். பிறகு ஒரு தாலி. எழுத்துக் கூட்டிப் படித்தது எல்லாம் இரண்டே வருஷத்தில் மறந்துபோகும். ஊருக்குள்ளேயே ஆறாம் வகுப்பு வந்துவிட்டால் எட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்பதுதான் என் கணக்கு. அதில்தான் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவின் பேனா குறுக்கே விழுந்தது. அந்த வருஷத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

பிள்ளைகள் பின்னக் கணக்கில்தான் தடுமாறினார்கள். அது ஏன் என்று எனக்கும் தெரியும், தலைமையாசிரியைக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவுக்கு மட்டும் தெரியாது. பின்னம் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஆனி மாதத்தில் வரும். ஆனியில் எங்கள் பிள்ளைகள் ஒருத்தி கூடப் பள்ளிக்கூடத்தில் இருக்கமாட்டாள்.

பேரியாற்று அணையைத் திறந்தால் தண்ணீர் முதலில் எங்கள் பக்கம்தான் வரும். வந்தவுடனே ஊர் மொத்தத்துக்கும் ஒரே நேரத்தில் நடவு. பெரிய பிள்ளைகள் தாயோடு நிரை பிடித்து நடுவார்கள், சின்னவர்கள் நாற்றுமுடி தூக்குவார்கள், அதற்கும் சின்னவர்கள் வரப்பில் கைக்குழந்தையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐப்பசி நடவைக்கூட தீபாவளி லீவு, சனி ஞாயிறு என்று எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். ஆனி நடவு ஊரையே வாரிக்கொண்டு போய்விடும். ஆனால் போர்டு ஆபீஸ் இருப்பது மதுரையில். அங்கே தையில் அறுப்பு. ஆகவே ஜில்லா முழுக்கத் தையில்தான் அறுப்பு லீவு. தையில் எங்கள் வயலில் இரண்டாம் போகம் பச்சைப் பசேலென்று நிற்கும். பிள்ளைகளுக்கு ஒரு சோலியும் இருக்காது. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும், இதுகள் தெருவில் பாண்டி ஆடும்.

இதற்கு எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் கண்டுபிடித்து வைத்திருந்த வழி ரொம்பச் சுலபமானது. ஆனியில் வராத பிள்ளையையும் வந்ததாக ரிஜிஸ்டரில் போட்டுவிடுவது. யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை. நடவுக்கு ஒரு மரியாதை என்பதுபோல நடந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியையிடம் போய் நான் சண்டை போட்டேன். நிஜத்தை எழுதினால் சராசரி வருகை விழும், விழுந்தால் ஒரு டீச்சர் போதும் என்று போர்டு சொல்லும், அப்போது மயிலாடும்பாறைக்கோ வேறு எங்கோ தூக்கியடிக்கப்படுவது நீதான் என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார். ஆனால் என்னைக் காப்பாற்றப்போய்ப் பிள்ளைகளை அல்லவா மட்டியாக்கிவிட்டார்? தினம் வந்தும் கணக்கு வராதவள் என்று ஒரு பிள்ளைக்குப் பேர் வாங்கிக் கொடுக்க நாம் யார்?

கோடை லீவோடு அவர் ஓய்வு பெற்றுப் போனார். தலைமை எனக்கு வந்தது. எனக்கு உதவியாகத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு சின்னப் பெண்ணைப் போட்டார்கள். சாவிக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் பழைய தலைமையாசிரியை சொன்னார்: "ஆனியிலே மட்டும் பேனாவைக் கொஞ்சம் தாராளமா ஓட்டணும்மா." நான் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்தும் ஐந்து ரகம். ஒருத்தி வாயாடி, ஒருத்தி வாயே திறக்கமாட்டாள், ஒருத்திக்குக் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். ஒருத்தி மந்தம்தான், அதை நானே சொல்வேன், ஆனால் சொன்னதைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டாள். ஐந்தாவது பெண்ணின் தாய் ஊரில் நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவள். எந்த வயலுக்கு எத்தனை பேர், யார் யார் என்பதை அந்த அம்மாள்தான் முடிவு செய்வாள். அவள் சொல்லைப் பெண்கள் யாரும் தட்டமாட்டார்கள். இந்த ஐந்து பேரையும் ஐந்தாம் வகுப்போடு வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று நான் மனதுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

போர்டுக்கு எழுதினேன். எங்கள் பள்ளிக்கு மட்டும் தை லீவை ஆனிக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். கிணற்றில் போட்ட கல்தான். தண்ணீர் என்ன மதுரை ஆபீஸைக் கேட்டுக்கொண்டா வரும்? அது பாட்டுக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே நடவுக்கு ஆள் சேர்க்கிற அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து காலில் சேற்றுப்புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நடவு முடிகிற வரைக்கும் பள்ளிக்கூடத்தைப் பூட்டப்போகிறேன், யாரையும் வந்ததாகப் போடமாட்டேன், பதிலுக்குத் தையில் ஊரெல்லாம் லீவு விடும்போது நான் மட்டும் பள்ளிக்கூடம் நடத்துவேன், அப்போது பிள்ளைகளை அனுப்ப வேண்டியது உங்கள் பொறுப்பு என்றேன். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மேலிடத்துல இருந்து கேட்டா என்ன சொல்லுவீக டீச்சரம்மா?"

"நான்தான் பூட்டினேன்னு சொல்லுவேன்."

"அப்பச் சரி. தையிலே ஒரு பிள்ளை கொறைஞ்சாலும் எங்கிட்ட வந்து கேளுங்க. நான் பதில் சொல்றேன்" என்றாள்.

பூட்டினேன். கதவில் ஒரு காகிதத்தில் காரணத்தையும் எழுதி ஒட்டினேன். எதையும் ஒளிக்கவில்லை. இரண்டு வாரம் கூட ஆகவில்லை, ஒரு நாள் காலை பஸ்ஸில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்து இறங்கிவிட்டார். யாரோ எழுதிப் போட்டிருக்க வேண்டும். யார் என்று நான் தேடவும் இல்லை. ஆள் வந்து என்னைக் கூப்பிட, ஓட்டமும் நடையுமாகப் போனேன். அந்த அம்மா புங்கமரத்தடியில் குடையோடு நின்று கதவில் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டையான உருவம், வெள்ளைச் சேலை, பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். சிரித்து நான் பார்த்ததில்லை.

"யாரைக் கேட்டுப் பூட்டினீங்க டீச்சர்?"

"கேட்டு எழுதினேம்மா. பதில் வரலை. நானே பூட்டிட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆனியில் எப்போதும் நடப்பது என்ன, பிள்ளைகள் பின்னத்தில் ஏன் தடுமாறினார்கள், அவர்கள் மந்தம் இல்லை என்பது, எல்லாம். சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்துகொண்டே போனது. மேலதிகாரியிடம் பேசுகிற குரலா அது? வாய்க்கால் சண்டைக் குரல். அந்த அம்மா ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு, நான் சொல்வது நியாயமாகவே இருக்கலாம் என்றும், உத்தரவில்லாமல் போர்டு பள்ளியைப் பூட்டியது தப்பு என்றும், இரண்டும் வேறு வேறு விஷயம் என்றும் சொன்னார். மெமோ வரும் என்றார். தையில் நடத்துவேன் என்கிறீர்களே, அதைப் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தார். கூப்பிட்டும் ஒரு மோர் கூடக் குடிக்கவில்லை.

மெமோ வந்தது. என் சர்வீஸ் புத்தகத்தில் ஏறியது. ஊரில் சிலருக்கு அது நல்ல பேச்சு. டீச்சரம்மாவுக்குக் கொழுப்பு, போர்டே குட்டு வைத்துவிட்டது என்றார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடவு முடிந்த மறுநாளே கதவைத் திறந்து பின்னக் கணக்கில் பாடத்தை ஆரம்பித்தேன். கரும்பலகையைப் பார்த்துப் பிள்ளைகள் கொட்டாவி விட்டபோது சோளத்தட்டையை ஒடித்துக் கையில் கொடுத்தேன். பாதி, கால், அரைக்கால் என்று ஒடித்து ஒடித்துப் பள்ளிக்கூடம் முழுக்கச் சக்கையாகக் கிடந்தது. அந்த மந்தப் பெண் ஒரு நாள் தானாகவே ஒரு கால் துண்டையும் ஒரு அரைக்கால் துண்டையும் சேர்த்து வைத்து, "மூணு அரைக்கால்" என்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தை வந்தது. உதவி ஆசிரியைப் பெண்ணை ஊருக்கு அனுப்பிவிட்டேன். லீவு அவளுக்குச் சேரவேண்டியது, என் வீம்புக்கு அவள் ஏன் காய வேண்டும்? ஐந்து வகுப்பையும் ஒற்றை ஆளாக நடத்தினேன். பிள்ளைகள் வந்தார்கள். பக்கத்து ஊர்களில் எல்லாம் பள்ளிக்கூடம் சாத்திக் கிடக்க, எங்கள் புங்கமரத்தடியில் மட்டும் வாய்ப்பாடு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நெருக்கடி வேறு பக்கமிருந்து வந்தது. ஊரில் நிறைய நிலம் வைத்திருந்த ஒரு பெரியவர் வீட்டில் கல்யாணம். ஊர் முழுக்க அழைப்பு, மூன்று நாள் சாப்பாடு. கல்யாணத்தன்று காலை சீர்த்தட்டு தூக்கப் பெண்பிள்ளைகள் வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிடச் சொல்லுங்கள் என்று ஆள் அனுப்பினார். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அவரே வந்துவிட்டார். ஜில்லா போர்டில் அவருக்குச் செல்வாக்கு உண்டு. ஆனால் அதை வைத்து மிரட்டுகிற ஆள் இல்லை. கவர்மெண்டே லீவு விட்டிருக்கும்போது ஒரு நாளைக்கு நீ என்னம்மா இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாய் என்று வருத்தமாகக் கேட்டார்.

"ஆனியிலே பிள்ளைகளை அனுப்பினேன். முதல்லே நட்டது உங்க வயல்தான். அந்த நாளுக்கு ஈடாத்தான் இந்த நாள். இதை விட்டுக் கொடுத்தா நான் சொன்னதெல்லாம் பொய்யாப் போயிரும்" என்றேன்.

அவர் துண்டைத் தோளில் உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கோபமா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

கல்யாணத்தன்று காலையில் பள்ளிக்கூடத்தைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம் மேளச் சத்தம் காதைப் பிளந்தது. சாம்பார் கொதிக்கிற வாசம் வகுப்பறை வரைக்கும் வந்தது. இன்றைக்கு ஒரு பிள்ளைகூட வராது என்று எனக்கே தோன்றிவிட்டது. நாமே சின்ன வயதில் இருந்தால் வருவோமா? விளக்குமாற்றோடு நிமிர்ந்தால், வாசலில் குடை.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா உள்ளே வந்தார். காலியாகக் கிடந்த பாய்களைப் பார்த்தார். மேளம் வந்த திசையைப் பார்த்தார். வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்தது அந்த ஒரு தடவைதான். மெமோவுக்கு இல்லை, இந்த அம்மா திரும்பிப் போனால் அந்த ஐந்து பேரின் படிப்பும் அவரோடு போய்விடும்.

"லீவு நாள்லே பள்ளிக்கூடம் நடக்குதான்னு பாக்கத்தான் சொல்லாம வந்தேன்" என்றார்.

"இன்னும் மணி அடிக்கலைம்மா" என்றேன்.

தண்டவாளத் துண்டு மரத்தில் தொங்கியது. அடித்தேன். மேளச் சத்தத்தில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி ஓங்கி அடித்தேன். தெருவில் ஒருவரும் இல்லை. ஒரு நாய் எழுந்து சோம்பல் முறித்துவிட்டுப் படுத்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

அப்புறம் தெருமுனையில் பட்டுப்பாவாடைகள் தெரிந்தன. ஒன்றின் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. தலை நிறையப் பூ, நெற்றியில் சந்தனம், கையில் சிலேட்டு. சீர்த்தட்டைத் தூக்கி இறக்கிவிட்டு நேரே வருகிறார்கள். ஒருத்தி வாயில் இன்னும் வெற்றிலை. அவர்களுக்குப் பின்னால் அந்த நடவுக்கார அக்கா, மேய்ச்சலுக்குப் போன ஆடுகளைப் பட்டிக்குத் திருப்புகிற மாதிரி ஒவ்வொருத்தியாக வாசலுக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள். அதிகாலையிலேயே தட்டுத் தூக்கி முடித்துவிட வேண்டும் என்று கல்யாண வீட்டில் சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சீர் பாக்குற பராக்குல ரெண்டு வீட்டு ஆளுக பிள்ளைகளை விடமாட்டேன்னு நின்னாக. அதான் செத்த நேரமாயிருச்சு" என்றாள் என்னிடம். பிறகு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். "எண்ணிப் பாத்துக்கங்க தாயி. கல்யாண வீட்டுப் பெரியவரு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குன்னு மத்தியானம் தனிப்பந்தி போடச் சொல்லிட்டாக. அதுவரைக்கும் ஒருத்தியும் எந்திரிக்கமாட்டா."

பெரியவருக்குக் கோபம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்தாம் வகுப்பை முன்னால் கூப்பிட்டார். வேறு எதையும் கேட்கவில்லை, நேராகப் பின்னத்துக்குத்தான் வந்தார். முக்காலில் பாதி எவ்வளவு என்றார். வாயாடி பலகையில் எழுதிக் காட்டிவிட்டு, கேட்காமலே ஏன் என்றும் விளக்கினாள். வாயே திறக்காதவள் அடுத்த கணக்கை எழுத்தால் முடித்தாள். மூன்றாவது ஆளும் நான்காவது ஆளும் சளைக்கவில்லை. கடைசியில் மந்தப் பெண். அவள் எழுதினாள், தப்பு. தானாகவே அழித்தாள். மறுபடி எழுதினாள், யோசித்தாள், விரலால் பாயில் எதையோ ஒடித்து ஒடித்து வைத்துப் பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா அவசரப்படுத்தவில்லை. அவள் விடையை எழுதிவிட்டு, "இப்பச் சரி" என்று அந்த அம்மாவுக்கே சொன்னாள். சரியாகத்தான் இருந்தது.

இந்த ஊர்ப் பிள்ளைகளையா மந்தம் என்றீர்கள் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, அந்த அம்மாவின் முகம் சிவந்துபோயிருந்தது. நேர்மையான மனுஷி. அன்று நான் பட்ட பெருமையை இப்போது சொல்லும்போதும் என் உடம்பு சிலிர்க்கிறது. பட்டுப்பாவாடையும் பூவுமாக உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டம் முழுக்க என் பிள்ளைகள், நான் சொன்ன வார்த்தைக்குச் சாட்சியாக வந்து உட்கார்ந்தவர்கள்.

பெரியவர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவோ, பார்வைக்கு வந்த நாளில் எந்த வீட்டிலும் சாப்பிடுவதில்லை என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த இட்லியை மரத்தடியில் பிரித்துச் சாப்பிட்டார். பிள்ளைகள் பந்திக்குப் பறந்தார்கள். பஸ் ரோடு வரைக்கும் நான் கூடப் போனேன். ரோடு தெரிகிற இடத்தில் நின்றார்.

"அந்த மெமோவை எடுத்துடச் சொல்லி நான் எழுதினா போர்டிலே கேப்பாங்க. எழுதவா டீச்சர்?"

"வேண்டாம்மா. பூட்டினது நான். அது என் பேர்லேயே இருக்கட்டும். அதை எடுத்துட்டா பூட்டச் சொன்னது வேற யாரோன்னு ஆயிரும். எனக்கு ஆறாம் வகுப்பைக் கொடுத்துருங்க, போதும்" என்றேன்.

அந்த அம்மா சிரித்தார். பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

பங்குனியில் போர்டிலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் பள்ளி இனிமேல் அறுப்பு லீவை ஆனியில் எடுத்துக்கொள்ளலாம் என்று முதல் வரி. ஆறாம் வகுப்பு திறக்கலாம் என்று இரண்டாவது வரி. அதை எடுத்துக்கொண்டு நடவுக்கார அக்கா வீட்டுக்குத்தான் முதலில் ஓடினேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னாள். கோடை லீவு முடிந்து, தண்ணீர் வருவதற்கு முன்பே, ஆறாம் வகுப்பைத் திறந்தேன். ஐந்து பேரும் வந்தார்கள்.